ஒரே ஒரு றோலில 75 எம்.எம். லென்ஸைச் சோதிக்கிறது: ரேஞ்ச்ஃபைண்டர் வச்சிருக்கிறவைக்கு ஒரு முழு வழிகாட்டி

விடியக்காலமை 4 மணிக்குக் கரடிப்போக்குச் சந்தியில நிண்டு, கொழும்பு இரவு பஸ்ஸை மறிச்சு, கண்டக்டர் தந்த பார்சலை வாங்கி ஹாண்டிலில கொழுவிக்கொண்டு வட்டக்கச்சிக்கு சைக்கிள் உழக்கி வந்தன். உள்ளுக்கு ஒரு ஃபோக்ட்லேண்டர் கலர் ஹெலியார், 75 எம்.எம்., எஃப் 2.5 (இந்த எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் கூடத் திறக்கும்). புதுசு எண்டால் எனக்குத்தான் புதுசு, ஜப்பானில கொசினா செய்த சாமான், 39 எம்.எம். ஸ்க்ரூ மவுண்ட் (திருகிப் பூட்டுற வாய்), இப்ப பாவிச்சதாத்தான் கிடைக்கும். வீட்டை வந்து தேத்தண்ணி குடிக்க முதலே ரேஞ்ச்ஃபைண்டர் கமராவில பூட்டி நாயைக் கிணத்தடியை எல்லாம் பாத்தன், பிறகு கழட்டி மேசையில வச்சுப்போட்டு யோசிச்சன், இந்தமுறை அவசரப்படக்கூடாது எண்டு.

ஏன் எண்டால் எனக்கு ஒரு பழைய சூடு இருக்கு. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு 90 எம்.எம். எஃப் 4 லென்ஸ் வேண்டினன். என்ர சோர்க்கி 4 எண்ட பழைய ரஷ்யன் கமராவில பூட்டி ஒரு றோல் முழுக்க ஆக்களை எடுத்தன். கழுவிப் பாத்தால் ஒருத்தரின்ர கண்ணும் கூர் இல்லை, மூக்கு நுனி மட்டும் வடிவா இருக்கு. லென்ஸ் சரியில்லை எண்டு முடிவெடுத்து வந்த விலைக்கு வித்துப்போட்டன். வேண்டினவர் பிறகு கதைக்கேக்க "அருமையான லென்ஸ் தம்பி, கத்தி மாதிரி வெட்டுது" எண்டார். அதுக்கு என்னட்டப் பதில் இல்லை.

அதால இதை எழுதுறன். டிஜிட்டலில எண்டால் லென்ஸை மாட்டு, அமத்து, திரையில பெருப்பிச்சுப் பார், முடிஞ்சுது. ரேஞ்ச்ஃபைண்டரில நீங்கள் லென்ஸுக்குள்ளால ஒண்டையும் பாக்கிறேல்லை, பக்கத்தில இருக்கிற ஒரு ஜன்னலாலதான் பாக்கிறியள். லென்ஸ் கமராவின்ர கையை ஒரு சொட்டுத் தள்ளும், அந்தக் கை உள்ளுக்கு ஒரு கண்ணாடியைத் திருப்பும், ரெண்டு படம் ஒண்டாச் சேரும், நீங்கள் நம்பி அமத்துவியள். அந்தச் சங்கிலியில எங்க பிழைச்சாலும் பழி லென்ஸின்ர தலையிலதான் விழும். 50 எம்.எம்.இல இந்தப் பிழை எல்லாம் ஒளிச்சிருக்கும், 75, 90 எண்டு போகேக்கதான் வெளியில வரும்.

முதல் வேலை: கணக்கு

லென்ஸை வேண்ட முதலே செய்யவேண்டியது இது, நான் வேண்டினாப் பிறகுதான் செய்தன், பரவாயில்லை.

ரேஞ்ச்ஃபைண்டரில ரெண்டு ஜன்னலுக்கும் இடையில இருக்கிற தூரம்தான் அதின்ர பலம். வியூஃபைண்டர் (கண்ணை வச்சுப் பாக்கிற ஜன்னல்) காட்சியை எத்தினை மடங்காக் காட்டுதோ அந்த எண்ணால அந்தத் தூரத்தைப் பெருக்கினால் வாறதுதான் உண்மையான பலம். என்ர பெஸ்ஸா ஆர்2 (2002இல வந்த கமரா) 37 மி.மீ. இடைத்தூரம், காட்டுறது 0.68 மடங்கு, ஆக 25 மி.மீ. சோர்க்கி 4க்கு 38 மி.மீ., அது கிட்டத்தட்டக் கண்ணால பாக்கிற அளவிலயே காட்டுது, ஆக 38க்குக் கிட்ட. லைக்கா எம்3 எண்டால் 0.91 மடங்கு, 60க்கு மேல போகும், உங்களிட்ட அது இருந்தால் இந்தப் பந்தியை விட்டிட்டுக் கீழ போங்கோ.

இனி லென்ஸுக்கு எவ்வளவு வேணும்? லென்ஸின்ர எம்.எம். எண்ணை அதே எண்ணால பெருக்குங்கோ, எஃப் நம்பரால பிரியுங்கோ, பிறகு 100ஆல பிரியுங்கோ. என்ர 75க்கு, 5625ஐ 2.5ஆல பிரிச்சால் 2250, 100ஆல பிரிச்சால் 22.5 மி.மீ. பெஸ்ஸாவிட்ட 25 இருக்கு, தப்பிச்சுது, ஆனால் மயிரிழையிலதான். 90 எஃப் 4க்கு 20 போதும். 90 எஃப் 2.8 எண்டால் 29 வேணும், பெஸ்ஸாவால முழுசாத் திறந்து எடுக்கிறது அதிர்ஷ்டம். ரஷ்யன் ஜூப்பிட்டர் 9, 85 எஃப் 2, அதுக்கு 36, சோர்க்கியிலயே மட்டுமட்டு. இந்தக் கணக்கு 0.03 மி.மீ. மங்கலைப் பொறுக்கலாம் எண்ட வழமையான அளவை வச்சு வாறது, பெரிசாப் பிரிண்ட் போடுறவை இன்னும் கூடவாக் கேப்பினம்.

கனொனெட், யாஷிகா எலெக்ட்ரோ மாதிரிக் கமராவுகளில லென்ஸ் கழட்டேலாது, அது வேற கதை.

ரெண்டாவது: அடாப்டரும் கட்டமும்

சோர்க்கி, ஃபெட், பழைய கெனன் எல்லாம் ஸ்க்ரூ, நேர பூட்டலாம். பெஸ்ஸா ஆர்2, லைக்கா எம் எல்லாம் எம் மவுண்ட் (திருகாமல் கொழுவித் திருப்பிப் பூட்டுற வாய்), அதுக்கு அடாப்டர் எண்ட இடைவளையம் வேணும். எம் மவுண்டில லென்ஸ் உக்காருற இடத்தில இருந்து ஃபில்முக்கு 27.8 மி.மீ., ஸ்க்ரூவில 28.8, அதால அடாப்டர் சரியா 1 மி.மீ. தடிப்பா இருக்கோணும். இஞ்சதான் மலிவு அடாப்டர் வேலை காட்டும். ஏ4 தாள் ஒண்டு கிட்டத்தட்ட 0.1 மி.மீ. தடிப்பு. எஃப் 2.5இல ஃபில்ம் அந்தத் தாளளவு முன்னுக்குப் பின்னுக்குப் போனாலே 0.04 மி.மீ. மங்கல் வந்திடும், நாங்கள் பொறுக்கிற 0.03ஐத் தாண்டியாச்சு. அடாப்டரில காசு மிச்சம் பிடிக்காதேங்கோ.

லைக்கா காரருக்கு இன்னொண்டு: அடாப்டர் மூண்டு வகையா வரும், 28/90, 35/135, 50/75. அதுதான் வியூஃபைண்டரில எந்தக் கோட்டுக் கட்டம் வரோணும் எண்டதைத் தீர்மானிக்கிறது, 75க்கு 50/75 எண்டதை வேண்டுங்கோ. பெஸ்ஸாவில அந்தப் பிரச்சினை இல்லை, மேல ஒரு நெம்பு இருக்கு, நீங்களே தள்ளி 75க்கு வைக்கலாம். வைக்க மறந்தால் 50ன்ர கட்டத்துக்குள்ள எடுத்துப்போட்டு ஆக்களின்ர தலையை வெட்டுவியள், வெட்டியிருக்கிறன்.

சோர்க்கியில கட்டமே இல்லை, தெரியிறது முழுக்க ஏறத்தாழ 50ன்ர பார்வை. 75க்கு அதில நடுவில மூண்டில ரெண்டு பங்குதான் விழும். நான் முதல் நாள் வீட்டுச் சுவரில சோக்கால கோடு போட்டுப் பழகினன். 2 மீட்டரில நிண்டால் 75க்குள்ள 90 சென்டிமீட்டர் அளவு அகலமும் 60 சென்டிமீட்டர் அளவு உயரமும் விழும், அந்த அளவுக்குச் சுவரில பெட்டி கீறி, வியூஃபைண்டருக்குள்ள அது எங்க நிக்குது எண்டு பாத்தால் ஒரு நாளில கண்ணுக்குப் பழகிடும். அம்மா சுவரைப் பாத்திட்டுப் பேசினதை இதில எழுதேல்லை.

மூண்டாவது: ஃபில்ம் போடாமலே செய்யிற சோதினை

இதைத்தான் கூடநேரம் செய்யோணும், சல்லிக்காசு செலவில்லை.

முதல் ஜன்னல்களைத் துடையுங்கோ. எங்கட கிரவல் றோட்டுப் புழுதி உள்ள இடமெல்லாம் போய்க் குந்தியிருக்கும், ஃபார்மசியில விக்கிற சின்ன ரப்பர் பம்பால ஊதிப்போட்டு மெல்லிய பருத்தித் துணியால ஒற்றுங்கோ, சட்டை நுனியால தேய்க்காதேங்கோ. சோர்க்கியில ஃபில்மைத் திருப்பிச் சுத்துற குமிழுக்குக் கீழ பார்வையைச் சரிப்படுத்திற நெம்பு ஒண்டு இருக்கு, தூரத்தைப் பாத்து அதைத் திருப்பிக் கூராக்குங்கோ, கனபேர் அப்பிடி ஒண்டு இருக்கிறதே தெரியாமல் பாவிக்கினம்.

பிறகு தூரம். லென்ஸை எட்டுப் போட்டமாதிரிக் கிடக்கிற முடிவிலிக் குறியில முட்ட வச்சிட்டு ஒரு கிலோமீட்டருக்கு அங்கால இருக்கிற ஏதாவது ஒண்டைப் பாருங்கோ. பகலில போன் டவர் காணும், ஆனால் நான் கண்டுபிடிச்சது இரவில அதின்ர உச்சியில எரியிற சிவப்பு லைற்தான் தங்கம் எண்டு. ஒரு புள்ளி வெளிச்சம் ஒண்டாச் சேர்ந்திருக்கு அல்லது ரெண்டா நிக்குது, இடையில ஒண்டும் இல்லை. பக்கவாட்டில பிரிஞ்சு நிண்டால் தூரக் கணக்குப் பிழை, மேலகீழாப் பிரிஞ்சு நிண்டால் ஃபோகஸ் கெடாது, கண்தான் நோகும்.

இனி லென்ஸ் உண்மையில எங்க கூராக்குது எண்டு பாக்கோணும். பின்மூடியைத் திறந்து (சோர்க்கியில அடியோட சேர்த்துக் கழண்டு வரும்) ஃபில்ம் ஓடுற இடத்தைப் பாருங்கோ, ரெயில் தண்டவாளம் மாதிரி மேலயும் கீழயும் ரெண்டு ரெண்டு கோடு இருக்கும். உள்ளுக்கு இருக்கிற சோடியிலதான் ஃபில்ம் கிடக்கிறது. கண்ணாடிக் கடையில 34 மி.மீ. அகலத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டு வெட்டுவியுங்கோ, அதில ட்ரேசிங் பேப்பரைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கோ, பேப்பர் ஒட்டின பக்கம் லென்ஸைப் பாக்க உள் தண்டவாளத்தில வையுங்கோ. 35க்குக் கூட அகலம் எண்டால் வெளித் தண்டவாளத்தில ஏறிக் குந்திடும், பிறகு பாக்கிறதெல்லாம் பொய். ஷட்டரை பி யில (அமத்திப் பிடிக்கிற மட்டும் திறந்து நிக்கும்) வச்சு கேபிளால அமத்திப் பிடிச்சுக்கொண்டு, ஒரு பழைய 50 லென்ஸைத் தலைகீழாப் பிடிச்சுப் பூதக்கண்ணாடியாப் பாவியுங்கோ. டவரின்ர கம்பி பேப்பரில தலைகீழா, ஊசிமாதிரித் தெரிஞ்சால் லென்ஸ் சரி. இதைச் செய்யேக்க கறுத்தத் துணியால தலையை மூடோணும், நான் அம்மம்மாவின்ர கறுத்தச் சால்வையைப் போத்திக்கொண்டு முத்தத்தில குனிஞ்சு நிக்க, படலையால போன ஒரு ஐயா நிண்டு "தம்பிக்கு ஆவி பிடிக்கினமோ?" எண்டு கேட்டிட்டுப் போனார்.

அதே மாதிரி 1 மீட்டரிலயும் ஒருக்காப் பாருங்கோ. தூரத்தை லென்ஸின்ர நுனியில இருந்து அளக்கக்கூடாது, ஃபில்ம் கிடக்கிற இடத்தில இருந்து அளக்கோணும், பின்மூடிக்குச் சொட்டு உள்ளுக்கு.

ஏன் 75 இவ்வளவு கரைச்சல் எண்டு கேட்டால், 1 மீட்டருக்கு வரேக்க 50 லென்ஸ் 3 மி.மீ.க்கும் குறையத்தான் முன்னுக்கு வரும், 75 எண்டால் ஆறரை மி.மீ. தாண்டும். ஆனால் கமராவின்ர கைக்கு 50ன்ர கணக்கு மட்டும்தான் தெரியும், அதால 75, 90 லென்ஸின்ர பின்பக்கத்தில அந்த ரெண்டு கணக்கையும் மொழிபெயர்க்கிற ஒரு சரிவு வெட்டு இருக்கும். கமராவின்ர கை வளைஞ்சிருந்தாலோ தேய்ஞ்சிருந்தாலோ அந்தப் பிழை படத்தில பெரிசாகும்.

நாலாவது: றோலை ரெண்டாக் கீறுறது

வன்னியில ஃபில்ம் எண்டது சந்தைக்குப் போய் வேண்டுற சாமானில்லை. கொழும்பில இருந்து வரோணும், விலையும் சும்மா இல்லை. எனக்கு ரெண்டு கமராவிலயும் சோதிக்கோணும், ஆனால் ஒரு றோல்தான் கிடந்தது, கென்ட்மியர் 100 எண்ட கறுப்பு வெள்ளை ஃபில்ம். இரவு லைற் எல்லாம் நூத்து, அறைக்கதவுக்குக் கீழ சாரத்தைத் திணிச்சு, கட்டில் மேல போர்வைக்குள்ள கையை விட்டு றோலை இழுத்து நடுவால வெட்டி மற்றத் துண்டை ஒரு வெறும் கசெற்றில சுத்தினன். 36 படத்து றோல் கிட்டத்தட்ட 1.6 மீட்டர் நீளம், பாதி 80 சென்டிமீட்டர், நாக்குக்கும் (கமராவில கொழுவுற முனை) தொடக்கத்துக்கும் போக ஒவ்வொண்டிலயும் 15 படம் தேறும். நாக்கை வெட்டேக்க கத்தரிக்கோல் சத்தம் கேட்டு அம்மா என்ன உடுப்பு வெட்டுறாய் எண்டு கேட்டா.

ஏன் வேகம் 100 உள்ள ஃபில்ம்? எங்கட வெய்யிலுக்கு அதுவே கூட. உச்சி வெய்யிலில 100 ஃபில்முக்கு எஃப் 16இல 1/100 செக்கன் எண்டால் எஃப் 2.5இல 1/4000 வேணும். பெஸ்ஸா 1/2000 மட்டும்தான், சோர்க்கி 1/1000. முழுசாத் திறந்து சோதிக்கேலாது. மாமர நிழலில எண்டால் 1/500இல நிக்கும், அதுதான் வேணும். 400 ஃபில்ம் போட்டால் நிழலிலயும் 1/2000, சோர்க்கியைத் தூக்கிப் பெட்டிக்குள்ள வைக்கவேண்டியதுதான்.

அஞ்சாவது: எடுக்கிறது

எடுக்கிற எல்லாப் படத்திலயும் ஒரு சிலேட்டில நம்பரும் எஃப் எண்ணும் சோக்கால எழுதி மூலையில வையுங்கோ. கொப்பியில எழுதலாம் எண்டு நினைப்பியள், பிறகு எது எது எண்டு தெரியாமல் தலையைச் சொறிவியள். கமராவை ஸ்டாண்டில வையுங்கோ, இல்லாட்டி நாலு சீமெந்துக் கல்லை அடுக்கி மேல ஒரு சாக்கு மடிச்சுப் போட்டு அதில வையுங்கோ.

முதல் ரெண்டும் டவர், எஃப் 2.5இலயும் 5.6இலயும்.

அடுத்த மூண்டு, தையல்கார டேப்பை ஒரு பலகையில ஒட்டி 45 பாகையில சாய்ச்சு வச்சு, நடுவில 30 எண்ட இடத்தில ஒரு கறுத்தக் கோடு போட்டு, 1 மீட்டரில இருந்து எஃப் 2.5இல. ஒவ்வொரு தரமும் லென்ஸைத் திருப்பிக் குழப்பிப்போட்டுத் திரும்ப ஃபோகஸ் செய்யோணும், ஒருக்காத் தூரத்தில இருந்து கிட்ட வாங்கோ, ஒருக்காக் கிட்ட இருந்து தூரம் போங்கோ. மூண்டும் ஒரே இடத்தில விழுந்தால் பிழை இருந்தாலும் அது நிலையான பிழை, திருத்தலாம். மூண்டும் மூண்டு இடத்தில விழுந்தால் ஒண்டில் உங்கட கண், அல்லது லென்ஸில ஆட்டம். பிறகு அதே இடத்தில ஃபோகஸைத் தொடாமல் எஃப் 4, எஃப் 5.6. சில லென்ஸுகள், முக்கியமாச் சோனார் எண்ட அமைப்பில செய்த லென்ஸுகள், மூட மூடக் கூர் பின்னுக்கு நகரும்.

பிறகு வேலி. இதை எந்தப் புத்தகமும் சொல்லித் தரேல்லை. டெஸ்ற் சார்ட் எண்டு இன்ரநெற்றில பிரிண்ட் எடுக்கிறவை இருக்கினம், எங்களுக்கு எதுக்கு அது, வீட்டுக்கு வீடு கதியால் வேலி நிக்குது. கிளுவைக் கதியால் ஏறத்தாழ அரை அடிக்கு ஒண்டு, பட்டை எல்லாம் வெடிச்சு வரிவரியா, ஃபோகஸ் பாக்க அதைவிட நல்ல சாமான் கடையில இல்லை. வேலிக்குச் சரிவா நில்லுங்கோ, 3 மீட்டரில இருக்கிற கதியாலில ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கோ, அதில ஃபோகஸ் செய்து எஃப் 2.5இல ரெண்டு, 4இல ஒண்டு. 3 மீட்டரில எஃப் 2.5இல கூரா நிக்கிற ஆழம் மொத்தம் 22 சென்டிமீட்டர் அளவு, 45 பாகையில நிண்டால் கதியாலுக்குக் கதியால் ஆழத்தில 10 சென்டிமீட்டர் போகும், ஆக துணி கட்டினதும் அதுக்கு முன்பின் ஒவ்வொண்டும் கூரா இருக்கோணும், அதுக்கங்கால மங்கோணும். கண்ணை மூடிக்கொண்டு எண்ணலாம்.

பதினோராவது படம்தான் முக்கியமானது, அதை ஒருத்தரும் எடுக்கிறேல்லை. 75ஐக் கழட்டிப்போட்டு உங்களுக்கு நம்பிக்கையான 50ஐப் பூட்டி, அதே டேப், அதே 1 மீட்டர், முழுசாத் திறந்து ஒண்டு எடுங்கோ. நான் ஜூப்பிட்டர் 8 எஃப் 2ஐப் போட்டன். இது இல்லாட்டிக் குற்றவாளி லென்ஸோ கமராவோ எண்டு கடைசிமட்டும் தெரியவராது.

மிச்சம் நாலும் ஆக்களுக்கும் வெளிச்சத்துக்கும். காலமை அம்மம்மா விறாந்தையில சுளகை மடியில வச்சு முருங்கையிலை ஆய்ஞ்சுகொண்டு இருந்தவ. ஒண்டரை மீட்டரில குந்தி அவவின்ர இடக்கண்ணில ரெண்டு படத்தையும் சேர்த்தன், சேர்த்து முடிய அவ இலை உதறச் சொட்டு முன்னுக்குச் சாய்ஞ்சா, திரும்பச் சேர்த்தன், திரும்ப நிமிந்தா.

"டேய், படம் எடுக்கிறியோ இல்லாட்டிக் கண் டொக்டர் மாதிரிப் பாக்கிறியோ?"

"ஆடாமல் இருங்கோ அம்மம்மா, ஒரு நிமிசம்."

"நான் ஆடேல்லை, உன்ர பெட்டிதான் ஆடுது."

அவ சொன்னது உண்மை. கையில பிடிச்சு எடுக்கேக்க நாங்கள்தான் முன்னுக்குப் பின்னுக்கு ஆடுறம், 1 மீட்டரில ஆழம் மொத்தம் ரெண்டு சென்டிமீட்டர்தான், மூச்சு விட்டாலே அது போயிடும். அதால வளையத்தைத் திருப்பித் திருப்பித் தேடாமல், ஒருக்கா அளவா வச்சிட்டு உடம்பைச் சொட்டுச் சாய்ச்சுப் படம் சேர்ற கணத்தில அமத்துங்கோ. வேகம் 1/250க்குக் குறைய வேண்டாம்.

கடைசி ரெண்டும் பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டில, சூரியனை மூலைக்கு வெளியில சொட்டு ஒதுக்கி, ஹூட் (லென்ஸுக்கு முன்னால போடுற நிழல் வளையம்) போட்டு ஒண்டு, கழட்டி ஒண்டு. ரேஞ்ச்ஃபைண்டரில வெளிச்சம் படத்துக்குள்ள கசியிறது கண்ணுக்குத் தெரியாது, ஃபில்மிலதான் தெரியும். இன்னொண்டு, சோர்க்கி, லைக்கா மாதிரித் துணி ஷட்டர் உள்ள கமராவை லென்ஸ் மூடி இல்லாமல் வெய்யிலைப் பாக்க வைக்காதேங்கோ, நடுவில தடுக்கிற கண்ணாடி இல்லை, சின்ன வயசில பூதக்கண்ணாடியால கடதாசி எரிச்ச அதே வேலைதான், துணியில ஊசித்துளை விழும். பெஸ்ஸாவுக்கு உலோக ஷட்டர், பயம் குறைவு. ஆனால் மூடி போட்டால் கழட்ட மறக்காதேங்கோ, வியூஃபைண்டரில எல்லாம் வடிவாத்தான் தெரியும். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய், சனத்துக்குள்ள இடிபட்டு, மூடியோட அஞ்சு படம் எடுத்தவன் சொல்றன்.

சோர்க்கி வச்சிருக்கிறவை, ஃபில்மை முன்னுக்குச் சுத்தினாப் பிறகுதான் ஸ்பீட்டை மாத்தோணும், சுத்த முதல் மாத்தினால் உள்ளுக்குப் பழுதாகலாம்.

ஆறாவது: கழுவுறது

சுருக்கமாச் சொல்றன். பெட்டியில போட்டிருக்கிற கழுவுற நேரம் 20 டிகிரிக்கு, எங்கட கிணத்துத் தண்ணி அதைவிட எவ்வளவோ சூடு. கடையில ஐஸ் வேண்டி வாளிக்குள்ள போட்டு அதுக்குள்ள மருந்துப் போத்தல்களை வச்சு இறக்குங்கோ. கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணி பாவியுங்கோ, எங்கட கிணத்தில இருக்கிற சுண்ணாம்பு காய்ஞ்சால் ஃபில்மில வெள்ளைப் பொட்டாக் கிடக்கும், பிறகு எது லென்ஸின்ர குறை எது தண்ணியின்ர குறை எண்டு சண்டை பிடிக்கவேணும். காயப் போட முதல் குளியலறை நிலத்தில ரெண்டு வாளி தண்ணி ஊத்துங்கோ, புழுதி அடங்கும்.

ஏழாவது: வாசிக்கிறது

ஸ்கான் தேவையில்லை. போன் திரையை வெள்ளையாக்கி அதுக்கு மேல நெகட்டிவை ஒரு சொட்டு உயர்த்திப் பிடிச்சு, தலைகீழ் 50 லென்ஸால பாருங்கோ. டேப்பில எந்த எண் கடுங்கூர் எண்டு எழுதுங்கோ. டேப் சாய்ஞ்சு கிடக்கிறபடியால் டேப்பில 1 சென்டிமீட்டர் எண்டால் ஆழத்தில 0.7 எண்டு கணக்கெடுங்கோ.

இனித் தீர்ப்பு. 75 மட்டும் பிழைச்சு 50 சரியா இருந்தால் லென்ஸின்ர பின்சரிவு, இல்லாட்டி அடாப்டர். ரெண்டும் எல்லாத் தூரத்திலயும் பிழைச்சால் கமராவின்ர தூரச் சரிப்படுத்தல் குழம்பியிருக்கு. டவர் சரியா வந்து கிட்ட மட்டும் ரெண்டு லென்ஸிலயும் பிழைச்சால் கமராவின்ர கை. ட்ரேசிங் பேப்பரிலயே டவர் மங்கலா இருந்திருந்தால் அது லென்ஸ், அடாப்டர், இல்லாட்டிக் கமராவில லென்ஸ் உக்காருற இடம், ரேஞ்ச்ஃபைண்டரைக் குறை சொல்லக்கூடாது.

எனக்கு வந்தது இது. பெஸ்ஸாவில மூண்டு தரமும் கறுத்தக் கோட்டுக்கு அரைச் சென்டிமீட்டருக்குள்ள விழுந்துது, துணி கட்டின கதியால் பட்டை வெடிப்போட நிக்குது, எஃப் 2.5இல மூலை சொட்டு இருட்டு, 4இல அதும் இல்லை. கூர் நகரேல்லை. குளக்கட்டில ஹூட் இல்லாத படம் பால் ஊத்தினமாதிரி வெளுத்துப் போச்சு, ஹூட்டோட எடுத்தது வானத்தில மேகம் தெரியுது, அதால ஹூட்டை இனிக் கழட்டிறேல்லை. அம்மம்மாவின்ர ஒரு படம் இமைமயிர் எண்ணலாம், மற்றதில காதுத்தோடு கூர்.

சோர்க்கியில டவர் சரி. வேலி சரி, ஆனால் முன்கதியால்தான் கூடக் கூர். 1 மீட்டரில மூண்டு தரமும் ஒரேமாதிரி ரெண்டு சென்டிமீட்டர் முன்னுக்கு. சரி, லென்ஸ் பிழை எண்டு நினைக்கப் போன நேரம் பதினோராவது படத்தைப் பாத்தன். ஜூப்பிட்டர் 8உம் அதே ரெண்டு சென்டிமீட்டர் முன்னுக்கு. ஆனால் 50 எஃப் 2க்கு 1 மீட்டரில கூரா நிக்கிற ஆழம் மொத்தம் 4 சென்டிமீட்டர், அதின்ர பாதிக்குள்ள அந்தப் பிழை சரியா ஒளிச்சுக் கிடந்திருக்கு. இத்தினை வருசம் அந்தக் கமரா என்னை ஏமாத்தியிருக்கு, நான் 50ஐ விட்டு வெளியில வராததால எனக்குத் தெரியேல்லை. அப்ப அந்த 90? அது பாவம், ஒரு பிழையும் செய்யேல்லை.

சோர்க்கியில லென்ஸைத் தொடுற கை உருளையில்லை, நாக்கு மாதிரி ஒரு ஆப்பு, கிட்டத்துக் கணக்கை அந்த ஆப்பைச் சொட்டுத் திருப்பித்தான் சரிப்படுத்திறது. திருப்பினால் டவரும் அசையும், பிறகு முன்பக்கச் சின்ன ஜன்னலுக்குப் பக்கத்தில இருக்கிற மூடி ஸ்க்ரூவைக் கழட்டி உள்ளுக்கு இருக்கிறதால அதைத் திரும்பச் சேர்க்கோணும், அப்பிடி மாறி மாறி நாலஞ்சு தரம். கை நடுங்காதவை செய்யலாம். நான் இப்போதைக்குச் செய்யேல்லை, மாரி தொடங்கப் போகுது, வீட்டுக்குள்ள வேலை வரேக்க பாப்பம். லென்ஸையும் அதுக்குள்ள மூடி இறுகின டப்பாவில சிலிக்கா ஜெல்லோட போட்டிடுவன், அரிசிக்குள்ள புதைக்கிறவை இருக்கினம், அரிசித் தவிடு வளையத்துக்குள்ள போனால் பிறகு எடுக்கேலாது.

இப்ப சோர்க்கியின்ர அடியில ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கிறன், பேனையால எழுதினது: 75 - ரெண்டு மீட்டருக்குக் கிட்டப் போகாதே, போனால் எஃப் 5.6.